முதலாளிக்கு ஒரு வண்டி

பெட்டியிலிருந்து வெளியே வந்த வண்டி, பெட்டிக்குள் திரும்பிப் போக மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடத்துத் தரையில் அட்டைப்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒரு பக்கம் அப்பா முழங்காலிட்டிருந்தார். மறுபக்கம் மகள். நடுவில் ஒரு தள்ளுவண்டி. கைக்குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி போலத்தான் இருக்கும்; ஆனால் நடக்கச் சிரமப்படும் பெரிய பிள்ளைகளுக்கென்று பெரிய அளவில் செய்தது. அதைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அப்பாவின் தொழிலே அடுத்தவர் வீட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டி லாரியில் ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்குவது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைக் குறுகலான மாடிப்படியில் ஒரு கீறல் விழாமல் இறக்கியவர். வேலை இடத்தில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அன்று ஒரு தள்ளுவண்டி அவருக்கு மசியவில்லை. சக்கரத்தை உள்ளே விட்டால் கைப்பிடி வெளியே வந்தது. கைப்பிடியை அமுக்கினால் கால்பலகை எட்டிப் பார்த்தது.

சமையலறை வாசலில் நின்றபடி அம்மா சொன்னாள்: "ஊரார் வீட்டையெல்லாம் பெட்டிக்குள்ள அடைச்சவருக்கு இது ஒண்ணு அடங்க மாட்டேங்குதாம். வெளிய சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்."

"இவனுங்க பெட்டிக்குள்ள வண்டியை வைக்கலை. வண்டியை வச்சிட்டுச் சுத்தி பெட்டி கட்டியிருக்கானுங்க" என்றார் அப்பா.

மகள் பின்சக்கரம் ஒன்றின் பூட்டு ஊசியை இழுத்துச் சக்கரத்தைக் கழற்றினாள். வண்டி உள்ளே போய்விட்டது. சக்கரத்தை மேலே வைத்தாள்.

"எஞ்சினியரம்மா இருக்கும்போது நான் எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்" என்றார் அப்பா. எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். ஒரு கை போதவில்லை. மறுகையையும் ஊன்றினார். மகள் பார்த்தாள். பார்க்காததுபோல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பட்டை தொங்கும். நான்கு விரல் அகலத்தில் முரட்டு நூலால் நெய்த சுமைப்பட்டை. அப்பா அதை எடுத்து ஒரு தோளில் போட்டு, மார்புக்குக் குறுக்காக இறக்கி, நுனியை இடுப்புக்குப் பின்னால் இழுத்தார். ஏதோ கணக்குப் போடுவதுபோல் சற்று முன்னால் சாய்ந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து ஓர் இடத்தில் குறுக்கே கோடு கிழித்தார். பெட்டிகளில் 'மேல் பக்கம்' என்று எழுத வைத்திருக்கும் சுண்ணக்கட்டி. பட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. டேப்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

*

அந்தப் பட்டை வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. வேலையில் தேய்ந்து, குளிர்சாதனப் பெட்டிகளும் கட்டில்களும் தாங்கித் தாங்கி முரட்டுத்தனம் போய், துணிபோல் மிருதுவான பிறகு அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகனைத் தூக்குவதற்கு.

மகளுக்குப் பல வருஷம் பின்னால் பிறந்தவன் தம்பி. இப்போது பதின்மூன்று வயது. பேச்சு கிடையாது. நடப்பான், தெருவின் முதல் மரம் வரைக்கும் நன்றாகவே நடப்பான். அதற்குப் பிறகு கால்கள் தங்கள் வேலை முடிந்தது என்பதுபோல் மடங்கும். இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான். பார்க்கிறவர்கள் அதைப் பிடிவாதம் என்பார்கள். பிடிவாதம் பிடிப்பவனுக்கு முகத்தில் அந்த ஆச்சரியம் இருக்காது.

வீட்டிலிருந்து இறக்கத்தில் போனால் அவனுடைய சிறப்புப் பள்ளி. அங்கே தட்டுபோல் ஓர் ஊஞ்சல் இருந்தது, கால்களுக்குப் பயிற்சி இருந்தது. தினமும் வர வேண்டும் என்று அங்கிருந்த டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விட்டுப்போனால் இருக்கிற நடையும் போய்விடும். ஒரு முறை காய்ச்சலில் சில வாரம் போகாமல் இருந்தான். எழுந்தபோது மரம் வரைக்கும் நடந்தவன் வாசல்படியோடு நின்றான். மரத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

அதனால் அப்பா ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு இறங்குவார். மாலையில் தூக்கிக்கொண்டு ஏறுவார். பட்டை அவனுடைய தொடைகளுக்கு அடியில் போய் அப்பாவின் தோள்கள் வழியாக வந்து மார்பில் முடிச்சாகும். அவன் அப்பாவின் பிடரியில் கன்னத்தை வைத்துக்கொள்வான். கை தோள் மேலிருக்கும் பட்டையைப் பிடித்திருக்கும். யாராவது நின்று பேசி அப்பாவும் நின்றுவிட்டால் பட்டையில் இரண்டு தட்டுத் தட்டுவான். போகலாம் என்று அர்த்தம்.

"முதலாளி கூப்பிடுறார், அப்புறம் பேசலாம்" என்று அப்பா நகர்ந்துவிடுவார். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். "மேல உட்கார்ந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம வேலை வாங்குறவனை வேற என்னன்னு கூப்பிடுறது?"

முதலாளி வளர்ந்தான். அப்பாவின் முழங்கால் தேய்ந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் நடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தார்கள், வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் திறந்தாள்.

"ஒரு வண்டி வாங்குங்களேன்."

"சக்கரத்துல வைக்கிறது சாமானை. இவன் என்ன பீரோவா?"

"பீரோவா இருந்திருந்தா நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க. பிள்ளைங்கிறதால ஒருத்தரே தூக்குறீங்க."

அப்பா சிரித்தார். ஆனாலும் வண்டி வரவில்லை. அவருக்கு வண்டி என்றாலே ஒரு கசப்பு உண்டு. மீசை முளைக்கும் முன்பே பள்ளியை விட்டு மாமாவோடு கைவண்டி இழுக்கப் போனவர். சந்தைக்கு மூட்டை ஏற்றிய வண்டியை மார்பில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகும்போது, கூடப் படித்தவர்கள் சீருடையில் எதிரே வருவார்கள். குனிந்துகொள்வாராம். லாரி வைத்திருந்தவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்று, இனி எதையும் இழுப்பதில்லை என்று முடிவு செய்தாராம். தூக்குவது வேறு. தூக்குகிறவன் தலை நிமிர்ந்திருக்கும்.

அம்மாவின் வீட்டுச் சாமானை இடம் மாற்ற வந்துதான் அவளைப் பார்த்தார். "நாற்காலியில உட்காருங்கன்னு சொன்னேன். ஏத்துற சாமான்ல உட்கார மாட்டேன்னார். சரி, ஒழுங்கான ஆளுன்னு நினைச்சேன். கடைசியில சாமானோட என்னையும் ஏத்திட்டார்" என்று அம்மா அந்தக் கதையைச் சொல்லாத விருந்தாளி இல்லை. எத்தனையோ வீடுகளுக்குள் போய் வந்த அப்பா எந்த வீட்டின் சோபாவிலும் உட்கார்ந்ததில்லை. வீடுகளை அவர் மாடிப்படி வளைவுகளால் ஞாபகம் வைத்திருந்தார். அந்த டாக்டர் வீடா, வளைவு மோசம், சுவரு உள்ள தள்ளியிருக்கும் என்பார். சொந்த வீட்டில் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தினமும் கேட்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. மகள் பேருந்திலிருந்து இறங்கி ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் சுவரோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். முதுகில் தம்பி. தம்பி பட்டையில் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு. அப்பா எழுந்திருக்கவில்லை. முகம் ஈரமாக இருந்தது. மழை அப்போது நின்றிருந்தது.

"ஒண்ணுமில்ல பாப்பா, முதலாளி கொஞ்சம் காத்தாடட்டும்னு உட்கார்ந்தேன்" என்றார்.

அவள் தம்பியை இறக்கித் தன் முதுகில் ஏற்றினாள். வீட்டுக்குப் போவதற்குள் இருமுறை சுவரில் சாய்ந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. யாரும் அதை முடிவு என்று சொல்லவில்லை. அப்பா மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

*

மகளுக்கு வேலை, லிப்ட் செய்யும் தொழிற்சாலையில் பிரேக் சோதிப்பது. பாரத்தை ஏற்றுவாள், இறக்குவாள், பிரேக் எங்கே பிடிக்கிறது என்று பார்ப்பாள். அளக்காத எதையும் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. தம்பியைக் கூடத்துச் சுவரோரம் உட்காரவைத்து எஃகு அளவுநாடாவால் அளந்தாள். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை, தோள் உயரம். அவனுக்கு நாடா குளிர்ந்திருக்க வேண்டும், சிரித்தான். அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆடாதீங்க முதலாளி, கோட்டு தைக்க அளவெடுக்குறாங்க" என்றார்.

கடைக்கு அப்பாவும் மகளும்தான் போனார்கள்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார் கடை நடத்திய அம்மாள்.

"அளவு இருக்கு" என்றாள் மகள்.

"அளவு சரி. உட்கார்ந்து பார்க்கணுமேங்க. செருப்பு வாங்குற மாதிரிதான் இதுவும்."

"அவனைக் கூட்டிட்டு வரத்தான் வண்டி வேணும். வண்டி வாங்க அவன் வரணுமா?" என்றார் அப்பா. கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

மகள் வண்டிகளின் அடியில் ஒட்டியிருந்த தகடுகளைப் படித்தாள். எவ்வளவு எடை தாங்கும், மடக்கினால் பேருந்தில் ஏற்றலாமா, முதுகுப்பக்கம் எவ்வளவு சாயும், கால் தொங்காமல் பலகை இறங்குமா. பல வண்டிகள் எடையைத் தாங்கின, நீளத்தைத் தாங்கவில்லை; குட்டை மனிதர்களுக்கான கட்டில்போல் இருந்தன. அப்பா ஒவ்வொன்றையும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, மறுமூலை எப்படித் தொங்குகிறது என்று பார்த்தார். ஒன்றை இருவருக்கும் பிடித்தது. துணியில் மஞ்சள் வாத்துகள்.

"மீசை முளைக்கப்போற ஆளுக்கு வாத்தா?"

"பெரிய அளவுலயும் வாத்துதாங்க வருது. பிள்ளைங்க வளரும்ங்கிறதை யாரும் அவங்களுக்குச் சொல்லலை போல" என்றார் கடைக்கார அம்மாள். பிறகு உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்று தேடி எடுத்துவந்தார். ஒத்துவராவிட்டால் பெட்டியோடு திருப்பித் தரலாம் என்றார்.

கடை மூலையில் இழுவண்டிகளும் இருந்தன. நான்கு சக்கரம், துணித்தொட்டிபோல் உட்காரும் இடம், முன்னால் இழுக்கும் கைப்பிடி. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் வண்டியைச் சோதித்தார்கள். மகள் தன் கல்லூரிப் புத்தகங்களை எடைபோட்டுத் தம்பியின் எடைக்குச் சமமாக்கினாள். அப்பா அவற்றைக் கட்டாகக் கட்டி, ஓர் ஆள் உட்கார்ந்தால் பாரம் எங்கே விழுமோ அங்கே வைத்தார். இடுப்பில் கனமானவை, தோளில் இலேசானவை. தெருவில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் திண்ணைத் திண்டில் சாய்ந்தபடி கேட்டார்: "என்ன மேஸ்திரி, புத்தகம் எல்லாம் எங்க கிளம்பிடுச்சு?"

"இத்தனை வருஷம் அலமாரியிலயே அடைஞ்சு கிடந்ததுங்க. காத்தாடக் கூட்டிட்டுப் போறேன்."

பிரேக் பிடித்தது. சக்கரம் தடுமாறவில்லை. வண்டி தேறியது. பாரம் சுமப்பவரும் பாரம் சோதிப்பவரும் சேர்ந்து செய்த சோதனை அது; ஒரு குறையும் இல்லை. தம்பி அப்போது வீட்டுக்குள் இருந்தான்.

மறுநாள் காலை அவனை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தான். அப்பா பின்னால் நின்று தள்ளினார். வாசலைத் தாண்டியதும் அவன் உடம்பு விறைத்தது. தலையை வளைத்து வளைத்துப் பின்னால் பார்த்தான். எதிரே வெறும் தெரு. பிறந்ததிலிருந்து அவன் தெருவை ஒரு பிடரிக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறான். கையை உயர்த்திப் பட்டையைத் தேடினான். இல்லை. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், பல் பதியும் அளவுக்கு. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் ஓடிவந்து குனிந்தார். அவன் கடித்த கையை விட்டான். அப்பா பின்னால் போனார். மறுபடி கடித்தான்.

மகள் தள்ளி, அப்பா முன்னால் நடந்தால் சாதுவாக வந்தான். ஆனால் அப்பா தனியாக அழைத்துப்போகிற நாட்களில் அவர் முன்னாலும் பின்னாலும் இருக்க முடியாது. வாரம் முழுக்கப் பார்த்தார்கள். வார முடிவில் அவன் மணிக்கட்டில் மருந்து போட வேண்டியிருந்தது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாயைப் பிளந்தது. வண்டியை அடைக்கும்போதுதான் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டே, சொன்னார்:

"அந்த இழுக்கிற வண்டி ஒண்ணு இருந்துச்சே. அதுல என் முதுகு தெரியும் அவனுக்கு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயிலிருந்து இழுப்பது என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை.

"தெரியும். ஆனா காலையில இறக்கம்ப்பா. முன்னாடி இழுக்கிறவர் குதிகால்லதான் வண்டி வந்து நிக்கும். உங்க முழங்காலுக்கு அதைத் தாங்கி நிறுத்த முடியாது. பிரேக் இல்லாம வேண்டாம்."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. பிறகுதான் அந்தச் சுண்ணக் கோடு.

*

புதன்கிழமை காலை அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பள்ளியில் விட்டுவிட்டு, பட்டையை வீட்டில் மாட்டத் திரும்பி வந்தார். "சாயந்திரம் இதைப் பை தைக்கிறவர்கிட்ட கொண்டு போகணும். ஒரு வளையம் தைக்கணும்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள்.

அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. துணி துவைக்கும் இயந்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படி வளைவில் அப்பா "இறக்கு" என்றார். இறக்கினார்கள். இயந்திரம் ஆடாமல் நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தபோது குடிக்க அவர் இல்லை.

லாரி டிரைவர் வந்து சொன்னதை மகள் அப்படியே, அந்த வரிசையிலேயே, பிறருக்குச் சொன்னாள். வரிசை மாறினால் எங்கோ ஒரு பிரேக் பிடித்து அவர் பிழைத்திருக்கலாம் என்று தோன்றிவிடும்.

தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வழி தெரியவில்லை. மறுநாள் காலை பள்ளி நேரத்துக்கு அவன் கதவருகே போய் நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். ஒரு முதுகு வந்து குனிவதற்கு. யாரும் வராததால் உட்கார்ந்தான். அடுத்த நாளும் நின்றான். அதற்கடுத்த நாளும்.

மகள் முதுகைக் காட்டிக் குனிந்தாள். ஏறினான். கன்னத்தைப் பிடரியில் வைத்தான். இறங்கிக்கொண்டான். உள்ளே போய் ஆணியிலிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். "எங்களுக்குப் புரியுதும்மா. ஆனா ரொம்ப நாள் விடாதீங்க. போன தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்." தெரியும். இப்போதே அவன் கூடத்தைக் கடக்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

அடுத்த போன் கடைக்கார அம்மாளிடமிருந்து. மகள் அப்போது சோதனைக்கூடத்தில் இருந்தாள்.

"உங்க அப்பா சொன்ன வண்டி வந்திருச்சும்மா. எப்ப வந்து எடுத்துக்குறார்?"

"எந்த வண்டி? நாங்கதான் திருப்பி அனுப்பிட்டோமே."

"அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாரே, அன்னிக்குச் சொன்னது. இழுக்கிறது."

மகள் விஷயத்தைச் சொன்னாள்.  பிறகு அந்த அம்மாள் மெதுவாகப் பேசினார்.

"இருந்த எல்லாத்தையும் இழுத்துப் பார்த்தார். ஒண்ணுல அவரே ஏறி உட்கார்ந்து பார்த்தார், என்னை இழுக்கச் சொன்னார். கைப்பிடி வேண்டாம், என்கிட்ட பட்டை இருக்கு, அதை முன்னாடி மாட்டி இழுத்துக்குறேன்னார். பட்டை மகன்கிட்டேர்ந்து என்கிட்ட வரும், அவன் பிடிச்சுக்குவான்னார். அப்புறம் பிரேக் இருக்கணும், இல்லாட்டி எம் பொண்ணு வீட்டுக்குள்ள விடமாட்டான்னு சொன்னார். பிரேக் இருக்கிறது பின்பக்கக் கைப்பிடியில. அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் வேணுமேங்கன்னேன்."

"என்ன சொன்னார்?"

"இறக்கத்துக்கு மட்டும்தானே, எம் பொண்ணு காலையில கொஞ்சம் முன்னாடி கிளம்பினா போதும், கேட்டுப் பார்க்கணும்னார்."

அவர் கேட்கவில்லை. ஞாயிறுக்கும் புதனுக்கும் இடையே ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். வாழ்நாளில் அவர் தனக்காக யாரிடமும், கொஞ்சம் பிடி என்று கேட்டுப் பழகியவர் இல்லை. கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

மகள் போனை வைத்தாள். எதிரே பிரேக் ஒன்று பாரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அளவை எழுத மறந்துபோனாள். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.

*

லாரி டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பச்சை நிறம். வாத்து இல்லை. தம்பி அதைச் சுற்றி வந்தான், உட்காரவில்லை. சில நாள் அது கூடத்தில் நின்றது. அம்மா துணிக்கூடையை அதற்குள் வைக்கப் போனாள், பிறகு கீழேயே வைத்தாள்.

"அவர் வேலைச் சட்டை இருக்கு. போட்டுக்கிட்டு நீ முன்னாடி நில்லேன். முதுகைத்தானே பார்க்குறான்" என்றாள் அம்மா ஒரு நாள்.

"வேண்டாம்மா. அவனை ஏமாத்தக் கூடாது."

"நான் ஏமாத்தவா சொன்னேன்" என்றாள் அம்மா. சட்டையை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த சட்டைதான்.

சனிக்கிழமை காலை மகள் பட்டையின் ஒரு நுனியை வண்டியின் முன்கம்பியில் முடிச்சுப் போட்டாள். மறுநுனியை அப்பா செய்ததுபோலத் தோளில் போட்டு மார்புக்குக் குறுக்காக இழுத்துக் கட்டினாள். நீளம் அதிகமாக இருந்தது. மிச்சத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கோட்டின் பக்கம் பார்க்கவில்லை. அம்மா பின்னால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி கதவருகே கைகளை நீட்டியபடி நின்றிருந்தான். பட்டை ஆணியில் இல்லை என்பதைப் பார்த்தான். அது எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தான்: அக்காவின் தோள், முதுகு, பிறகு காற்றில் சாய்வாக வண்டி வரைக்கும். வந்து பட்டையைப் பிடித்தான். பிடியை விடாமல் வண்டிக்குள் கால் வைத்தான். உட்கார்ந்தான்.

 அம்மா மூச்சுவிடும் சத்தம் மட்டும் மகளுக்குக் கேட்டது.

வாசல் தாண்டியாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரர் எழுந்து நின்றார். மரமும் தாண்டியாயிற்று. மகள் முன்னாலேயே பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்த்தால் முதுகு போய்விடும். இறக்கம் தொடங்குமிடத்தில் பயந்து நின்றாள்.

அப்போது மார்பில் உணர்ந்தாள். பட்டை வழியாக. இரண்டு தட்டு.

இழுபட்டிருக்கும் பட்டை ஒரு முனையின் அதிர்வை மறுமுனைக்குக் கொண்டுபோகும். பாடத்தில் உள்ளதுதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நடந்தாள்.

கொஞ்ச தூரம்தான். இறக்கத்தில் வண்டி தானாக நெருங்கவும் பட்டை தளர்ந்தது. இடுப்பில் செருகியிருந்த மிச்சம் அவிழ்ந்து விழுந்து முன்சக்கரத்துக்குள் போயிற்று. சக்கரம் அதைச் சுற்றி இழுத்தது. வண்டி திடீரென்று நின்றது. அம்மா பிரேக்கை அழுத்திக்கொண்டு கத்தாமல் அவள் பெயரைச் சொன்னாள். தம்பி முன்னால் சாய்ந்து வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அடி ஒன்றும் இல்லை. அவன் கடிக்கவில்லை. ஆனால் பட்டை அச்சில் சுற்றிக்கொண்டதைப் பார்த்தான். அவிழ்க்கும்வரை கையை எடுக்கவே இல்லை. மறுபடி தட்டினான். போக முடியாது. தட்டினான்.

வண்டியைத் திருப்பாமல் பின்பக்கமாகவே வீட்டுக்கு நகர்த்திக்கொண்டு வந்தார்கள்.

பட்டையை வெட்ட வேண்டும். மிச்சம் இல்லாமல் அளவாக வெட்டி, நுனியில் வளையம் தைக்க வேண்டும். அப்பாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. கூடத்தில் நின்று மகள் பட்டையைத் தோளில் போட்டு, கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தாள். அவளுக்கு ஒரு கையகலம் தள்ளி விழுந்தது. அது அப்பாவின் மார்புக்கு எடுத்த அளவு. அங்கே வெட்டினால் அவளுக்குத் தொங்கும், மறுபடி சக்கரத்தில் போகும். அவளுக்கு ஏற்ற இடத்தில் வெட்டினால் கோடு இருக்கும் துண்டு தனியாகக் கீழே விழும்.

அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் அளவுக்கே வெட்டு" என்றாள். "இழுக்கப்போறவ நீதானே."

எஃகு அளவுநாடா மேசை இழுப்பறையில் இருந்தது. மகள் அதை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுக்கவில்லை. மாலையில் பட்டையைச் சுருட்டி வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைத்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால்தான் பை தைக்கிறவர் கடை. போகும்போது கொடுத்தால் மாலையில் வாங்கிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை தம்பி பள்ளிக்குப் போகலாம்.

திங்கட்கிழமை காலை பையைத் திறந்தாள். பட்டை இல்லை.

தம்பி சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டை அவன் கன்னத்துக்கு அடியில் இருந்தது. ஒரு சுற்று கையில் சுற்றியிருந்தது. கன்னத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். அவள் அருகே உட்கார்ந்து பட்டையின் நுனியை விரலால் திருப்பிப் பார்த்தாள். கோட்டில் பாதிதான் மிச்சமிருந்தது.

பை தைக்கிறவர் கடை திறந்திருக்கும். பட்டையை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.